செயின் ஸாவில் பலகை அறுக்க எந்தச் செயின்? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புயலுக்குச் சாய்ந்த தூங்குமூஞ்சி, வீட்டை இடித்துக் கட்டும்போது வெட்டிய வேம்பு, கொல்லையில் பட்டுப்போன மா. இவற்றை விறகுக்குத் தள்ளிவிடாமல் பலகையாக்கப் பார்க்கிறவர்கள் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இருக்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். எந்த மெஷின் வாங்குவது என்று அதிகம் பேசப்போவதில்லை. மெஷினுக்குச் செலவழிக்கிற கவனத்தில் பாதியைச் செயினுக்குக் கொடுத்தாலே பலகை ஒழுங்காக வரும் என்பது என் கட்சி.

மரம் வெட்டப் போடுகிற செயினே பலகை அறுக்கவும் போதாதா?

ஒன்றிரண்டு பலகைக்குப் போதும். நல்ல கூரோடு இருக்கும் சாதாரணச் செயின், மழுங்கிப்போன விசேஷச் செயினைவிட எவ்வளவோ மேல். ஆனால் தொடர்ந்து அறுக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

மரத்தைக் குறுக்கே வெட்டும்போது பல் நாரை அறுத்து, பக்கவாட்டில் பெயர்த்து எடுக்கிறது. அதற்குப் பல்லின் மேல்தட்டு சாய்வாக இருக்க வேண்டும். அதனால் சாதாரணச் செயினில் அந்தக் கோணம் 25 முதல் 35 டிகிரி வரை இருக்கும்; பெரும்பாலும் 30. மெஷினைக் கட்டைமேல் ஒரே மட்டத்தில் நகர்த்த உதவும் மில் சட்டத்தில் மாட்டிப் பலகை அறுக்கும்போது கதை வேறு. செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பார் கட்டைக்குக் குறுக்கே கிடக்கிறது, மெஷின் கட்டையின் நீளவாக்கில் நகர்கிறது. பல்லுக்கு எதிரே நிற்பது நாரின் வெட்டுமுனை. அந்த முனைகளைச் சீவி எடுக்க வேண்டும். இங்கே 30 டிகிரிப் பல் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே போகும், பலகையில் வரிவரியாகத் தழும்பு விழும். அதனால் பலகை அறுக்கவென்றே செய்யும் நெடுக்கறுப்புச் செயினில் கோணத்தை 10 டிகிரிக்குக் குறைத்திருப்பார்கள். வேகம் பெரிதாகக் கூடிவிடாது. ஆனால் அறுப்பு நேராக ஓடும், பலகையின் முகம் வழுவழுப்பாக வரும், இழைப்புளி வேலை பாதியாகும்.

இன்றைக்கு நாம் போடுகிற செயினின் மூல வடிவத்துக்கு ஒரு புழுதான் காரணம். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ், மரத்தைக் குடையும் ஒரு வண்டுப்புழு குறுக்கு, நெடுக்கு பார்க்காமல் இடமும் வலமுமாகக் கடித்துக்கொண்டு போவதை 1946-இல் கவனித்தார். அதன் தாடையைப் பார்த்துப் பல் செய்து 1947-இல் கம்பெனி தொடங்கினார். புழுவுக்கு இரண்டு வாட்டமும் ஒன்றுதான்; நமக்குத்தான் கோணத்தை மாற்ற வேண்டியிருக்கிறது.

கடையில் பிட்ச், கேஜ், லிங்க் என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

மூன்றும் தெரியாமல் செயின் வாங்கவே முடியாது.

பிட்ச் என்பது லிங்குகளின் நெருக்கம். அடுத்தடுத்து இருக்கும் மூன்று ரிவிட்டுகளில் முதலாவதன் நடுவிலிருந்து மூன்றாவதன் நடுவரை அளந்து இரண்டால் வகுக்க வேண்டும். 0.325 அங்குலம், 3/8 அங்குலம், 0.404 அங்குலம், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். 3/8-லேயே லோ புரொஃபைல் என்று குள்ளமான ரகம் ஒன்று தனியாக உண்டு. சின்ன மெஷின்களில் அதுதான் வரும். எண் ஒன்றாக இருந்தாலும் சாதாரண 3/8-க்கான ஸ்ப்ராக்கெட்டில் (செயினைச் சுழற்றும் பல்சக்கரம்) அது சரியாக உட்காராது.

கேஜ் என்பது பாரின் பள்ளத்துக்குள் ஓடும் டிரைவ் லிங்கின் தடிப்பு: 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர். 1.6 பாரில் 1.3 செயினைப் போட்டால் ஓடும், ஆனால் ஆடும். அந்த ஆட்டம் முழுக்கப் பலகையில் தெரியும்.

மூன்றாவது, டிரைவ் லிங்குகளின் எண்ணிக்கை. ஒன்றில் சாக்பீஸால் குறி வைத்துவிட்டு எண்ணுங்கள். ‘20 இஞ்சு பாருக்கு ஒரு செயின் கொடுங்க’ என்றால் கடைக்காரர் கொடுப்பார், வீட்டுக்கு வந்தால் இரண்டு லிங்க் நீளமாக இருக்கும்.

பழைய செயினின் டிரைவ் லிங்கிலேயே எண் அடித்திருக்கும். ஓரிகான் செயினில் 72, 73, 75 மூன்றுமே 3/8 தான். கேஜ் மட்டும் முறையே 1.3, 1.5, 1.6. எண்ணுக்குப் பின்னால் ஆர்டி என்று இருந்தால் அது நெடுக்கறுப்புச் செயின்.

என்னிடம் இருப்பது 58 சிசி சீன மெஷின். அதில் பலகை அறுக்கலாமா?

12, 14 அங்குல அகலக் கட்டை வரை அறுக்கலாம், பொறுமை இருந்தால். இந்த ரகத்தில் பொதுவாக 0.325 பிட்ச், 1.5 கேஜ் வரும். 20 அங்குல பாருக்கு 76 லிங்க். 22 அங்குல பாரும் கொடுத்துவிடுகிறார்கள். அதைப் பார்த்து 18 அங்குலத் தூங்குமூஞ்சியில் கை வைத்தால் மெஷின் திணறும். மில் சட்டம் மாட்டினால் பாரின் நீளத்தில் மூன்று நான்கு அங்குலம் பிடிப்பிலேயே போய்விடும் என்பதும் கணக்கில் இருக்கட்டும். 24 அங்குல அகலத்துக்கு 70 சிசிக்கு மேல், மூன்றடி அகலத்துக்கு 90 சிசிக்கு மேல் இருந்தால்தான் வேலை ஓடும்.

பலகை அறுப்பில் மெஷின் ஒரே மூச்சில் பல நிமிடம் முழு ஆக்ஸிலரேட்டரில் ஓடுகிறது. மரம் வெட்டும்போது அப்படி ஓடாது. செயின் மழுங்கிய பிறகும் தள்ளிக்கொண்டே இருந்தால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். அறுத்து முடித்ததும் உடனே நிறுத்தாமல் அரை நிமிடம் ஐடிலில் விடுங்கள்.

3/8, லோ புரொஃபைல், 404: பலகைக்கு எது நல்லது?

செயின் எவ்வளவு அகலமாக மரத்தைத் தின்கிறது என்பதை வைத்து முடிவு செய்யலாம். 3/8 சாதாரணச் செயின் ஒவ்வோர் அறுப்பிலும் சுமார் 8 மி.மீ. மரத்தைத் தூளாக்குகிறது. ஓர் அங்குலப் பலகையாக அறுத்தால் ஏறக்குறைய கால் பங்கு மரம் தரையில் கொட்டிவிடும். லோ புரொஃபைல் போட்டால் சேதாரம் குறையும், எஞ்சினுக்கும் சுமை குறையும். ஆனால் அது மெல்லிய செயின். பெரிய மெஷினில் நீண்ட பாரோடு போட்டால் சீக்கிரம் நீளும், அறுந்தும் போகலாம். 404 மிகப் பெரிய கட்டைக்கு. நம் ஊர்ச் சந்துகளில் அதற்கு வேலை அபூர்வம்.

நான் சொல்வது இதுதான்: 60 சிசிக்கு மேல் இருந்தால் 3/8, 10 டிகிரி. அதற்குக் கீழே இருந்தால் மெஷினோடு வந்த பிட்ச்சையே வைத்துக்கொண்டு கோணத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்படியானால் பேண்டு ஸா மில்லுக்கே கொண்டுபோய்விடலாமே?

பல சமயம் அதுதான் புத்திசாலித்தனம். பேண்டு ஸா பிளேடு இரண்டு மி.மீ. அளவுக்குத்தான் மரத்தைத் தின்னும். மெல்லிய பலகை, கதவுச் சட்டம், ரீப்பர் வேண்டும் என்றால் மாதவரம், செங்குன்றம் பக்கம் மில்லில் கொடுத்து அறுத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் டவுனிலும் ராயபுரத்திலும் பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் தேக்குத் தூலத்தைச் செயின் ஸாவில் அறுப்பது எனக்குச் சம்மதமில்லை. தேக்கு விற்கிற விலைக்கு அதைத் தூளாக்கிக் கொட்ட மனசு வராது.

சட்டம் மாட்டிய செயின் ஸாவுக்கு, அதாவது செயின் மில்லுக்கு, இடம் எங்கே என்றால், கட்டை நகராத இடத்தில். பழைய வண்ணாரப்பேட்டைச் சந்தில் கிரேன் நுழையாது, லாரி திரும்பாது. நான்கடிக் குறுக்களவுள்ள அடிமரம் எத்தனையோ பேண்டு ஸாவில் ஏறவே ஏறாது. இரண்டு, இரண்டரை அங்குலத் தடிப்பில் மேசைப் பலகை வேண்டும் என்றாலும் செயின் மில் சரி. பலகை தடிக்கத் தடிக்கச் சேதாரத்தின் பங்கு குறைந்துவிடும்.

ஃபுல் சிஸல், செமி சிஸல், ஸ்கிப் என்றெல்லாம் சொல்கிறார்களே?

ஃபுல் சிஸல் பல்லின் மூலை கூர்மையான செங்கோணம். சுத்தமான மரத்தில் வேகம். அந்த மூலை போனால் எல்லாம் போச்சு. செமி சிஸலில் மூலை சற்று உருண்டிருக்கும்; கொஞ்சம் மெதுவாக அறுக்கும், அழுக்கு மரத்தில் கூர் நிற்கும். நமக்குக் கிடைக்கும் மரத்தின் லட்சணத்துக்குச் செமி சிஸல்தான்.

ஸ்கிப் என்றால் பல்லின் எண்ணிக்கை குறைவு. 28, 30 அங்குலத்துக்கு மேல் நீளமான பாரில் தூள் வெளியேற இடம் கிடைக்கும், கூர் போடும் வேலையும் மிச்சம். அதற்குக் குறைந்த பாருக்கு அவசியமில்லை.

கார்பைடு முனை வைத்த செயின் வாங்கினால் ஆணி, மணல் பயம் இருக்காதா?

மணலை ஓரளவு தாங்கும். ஆணியில் முனையே தெறித்துவிடும். சாதாரண அரம் அதில் ஏறாது, வைரத் தூள் பதித்த கல் வேண்டும். விலையும் பல மடங்கு. அந்தப் பணத்தில் சாதாரணச் செயின் மூன்று நான்கு வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வது நமக்கு உத்தமம்.

செயின் எங்கே வாங்குவது?

பாரிமுனை, பிராட்வே சுற்றியுள்ள ஹார்டுவேர் தெருக்களில் தேடினால் சாதாரண ரகம் கிடைக்கும். சில கடைகளில் ரோலிலிருந்து லிங்க் எண்ணி வெட்டி, ரிவிட் அடித்துத் தருவார்கள். அடித்த ரிவிட் இருக்கும் இடத்தை விரலால் மடக்கிப் பாருங்கள். மற்ற லிங்குகளைப் போலவே தாராளமாக மடங்க வேண்டும். 10 டிகிரிச் செயின் பெரும்பாலும் ஆன்லைனில்தான். கிடைக்காவிட்டால் சாதாரணச் செமி சிஸலை வாங்கி, ஒவ்வொரு முறை கூர் போடும்போதும் கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து 10-க்குக் கொண்டுவரலாம். ஒரே நாளில் 30-லிருந்து 10-க்கு ராவினால் பாதிப் பல் அங்கேயே தீர்ந்துவிடும்.

நம் பக்கத்து மரங்களில் எது செயினை அதிகம் சாப்பிடும்?

முதலிடம் புளிக்கு. கறிக்கடையில் வெட்டுக்கட்டையாகப் புளியைப் போடுவது சும்மா இல்லை. வைரம் பாய்ந்த பகுதிக்கு வந்ததும் செயினின் சத்தமே மாறும். ஒரு பலகை, ஒரு கூர் என்று கணக்கு வைத்துக்கொண்டால்தான் முடியும்.

தூங்குமூஞ்சி ஆள் பெரிது, மனசு மென்மை. பச்சையாக இருக்கும்போது ஈரம் சொட்டச் சொட்ட அறுபடும். நார் பின்னிப் பின்னி ஓடுவதால் கூர் கெட்ட செயினில் பலகையின் முகம் பிசிறடிக்கும். வைரம் பாயாத வெளிறு அகலமாக இருக்கும், பூச்சி அங்கேதான் முதலில் ஏறும்.

வேம்பு நடுத்தரம்; செயினுக்கும் நமக்கும் தொந்தரவு குறைவு. பூவரசு அறுக்கவே சுகமான மரம், நெருக்கமான நார். காசிமேட்டில் மரப்படகு வேலை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், வளைந்த பூவரசுக் கிளையைப் பலகையாக்கும் முன் அவர்களிடம் காட்டுங்கள். படகின் வங்குக்கு, அதாவது விலாச் சட்டத்துக்கு, வளைந்த கட்டைதான் வேண்டும். வாகையை அறுக்கும்போது அதன் தூள் மூக்கில் ஏறித் தும்மலை நிறுத்தவே விடாது. முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள்.

தென்னையும் பனையும் தனிச் சாதி. வைரம் வெளியே, சோறு உள்ளே. வெளிவட்டம் செயினை அரம் போலத் தேய்க்கும், உள்ளே போனதும் வெண்ணெயாக வழுக்கும். இதனாலேயே அறுப்பு வளைந்து போகும். மெதுவாக, ஒரே அழுத்தத்தில் தள்ள வேண்டும். தேக்கில் இயல்பாகவே மணற்சத்து உண்டு. பார்வைக்குச் சுத்தமாக இருந்தும் கூர் சீக்கிரம் போவதற்கு அதுதான் காரணம்.

எந்த மரமானாலும் பச்சையாக இருக்கும்போதே அறுத்துவிடுவது செயினுக்கு நல்லது. சென்னை வெயிலில் கட்டையை மாதக்கணக்கில் போட்டுவைத்தால் முனை வெடிக்கும், பூச்சி விழும், கட்டையும் இறுகிப்போகும்.

மரத்துக்குள் ஆணி இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தெரு மரம் என்றால் ஆணி இருக்கிறது என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். டியூஷன் விளம்பரத் தகடு, கட்சிக்கொடி கட்டின கம்பி, சீரியல் பல்பு மாட்டின கொக்கி, கேபிள்காரர் அடித்த ஸ்க்ரூ, மரத்தோடு சேர்ந்து வளர்ந்து உள்ளே போய்விட்ட இரும்புக் கூண்டு. பெரும்பாலும் தரையிலிருந்து ஏழெட்டு அடிக்குள்தான், அதாவது ஆள் கை எட்டுகிற உயரம் வரை. வேடிக்கை என்னவென்றால், பலகைக்கு நல்ல பகுதியும் அதுதான்.

முதலில் பட்டையை உரியுங்கள். பிறகு வலுவான காந்தத்தைக் கட்டைமேல் நகர்த்திப் பாருங்கள். மேலோட்டமாக இருப்பது சிக்கும். ஆழத்தில் இருப்பதற்குக் கையடக்க மெட்டல் டிடெக்டர். அதுவும் இல்லையென்றால் கட்டையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். துவர்ப்புச் சத்துள்ள மரங்களில் இரும்பு பட்ட இடம் நீலக்கருப்பாகக் கறை பிடித்திருக்கும். நாரோடு சேர்ந்து நீளவாக்கில் அந்தக் கறை ஓடும். கறை தெரிந்தால் அந்த மட்டத்தில் அறுப்பதைத் தவிர்த்து, ஓரங்குலம் மேலேயோ கீழேயோ கோட்டை மாற்றிவிடுங்கள். உளியால் தோண்டி எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

ஆணியில் பட்டுவிட்டது. செயினைக் காப்பாற்றலாமா?

பெரும்பாலும் முடியும். பல்லின் மேல்புறத்தில் மெல்லிய குரோம் பூச்சு இருக்கிறது. கூரைத் தருவதே அந்தப் பூச்சின் விளிம்புதான். ஆணி பட்ட பல்லில் விளிம்பு உடைந்து வெள்ளையாக மின்னும். அந்த மினுக்கம் முழுக்க மறையும்வரை பின்னால் ராவ வேண்டும். பாதியில் நிறுத்தினால் கூராகத் தெரியும், அறுக்காது. அப்புறம், மோசமாக அடிபட்ட பல்லின் நீளத்துக்கு மற்றப் பற்களையும் கொண்டுவர வேண்டும். சோர்வான வேலைதான். ஒன்றிரண்டு பல் மட்டும் அடியோடு போயிருந்தால் அவற்றை அப்படியே விட்டுவிட்டு மற்றவற்றைக் கூராக்கிக்கொள்ளலாம். அத்தனை பல்லையும் அதற்காகத் தேய்க்க வேண்டியதில்லை.

மணல் அவ்வளவு பெரிய விஷயமா?

ஆணியைவிடப் பெரிய விஷயம். ஆணி எப்போதாவது ஒரு முறை. மணல் ஒவ்வொரு அடியிலும். திருவொற்றியூர், காசிமேடு பக்கம் காற்றோடு வந்து பட்டையின் வெடிப்பில் தங்கிய மணல் இருக்கும். மழைத் தண்ணீர் நின்ற தெருவில் கிடந்த கட்டை என்றால் சேறு காய்ந்து அப்பியிருக்கும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் ஊர் முழுக்க மரங்கள் வேரோடு சாய்ந்தபோது, அப்படிக் கிடந்த கட்டைகளின் பட்டையைத் தட்டினாலே மண் கொட்டியது.

பட்டையைக் கோடரியாலோ மண்வெட்டியாலோ செதுக்கி எடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் செயின் உள்ளே நுழைகிற பக்கத்தை மட்டுமாவது சுத்தமாக்குங்கள். வெளியே வருகிற பக்கத்து அழுக்கு அப்படியே வெளியே தள்ளப்படும். நுழைகிற பக்கத்து அழுக்குதான் அறுப்புக்குள் இழுத்துக்கொண்டு போகப்படும். கட்டையைத் தரையிலிருந்து தூக்கிச் சட்டத்தின்மேல் வைப்பது கட்டாயம். ஓடும் செயினின் முனை ஒரு நொடி தரையைத் தொட்டால் போதும், கூர் அத்தோடு சரி.

கூர் போட வேண்டிய நேரத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

தூளைப் பாருங்கள். பலகை அறுப்பில் தூள் எப்போதுமே சின்னதாகத்தான் வரும். ரவை மாதிரி இருந்தால் நல்லது, மைதா மாதிரி ஆனால் நிறுத்துங்கள். மெஷின் தானாக முன்னே போகாமல் நீங்கள் தள்ள வேண்டியிருந்தாலும், எண்ணெய் இருந்தும் புகை வந்தாலும் அதே தீர்ப்பு. மோசமாக மழுங்கும்வரை காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்பு. கடின மரத்தில் ஒவ்வொரு பலகைக்கும்.

அரத்தால் ராவுவது எப்படி?

சரியான வட்ட அரம் முதலில். 3/8 லோ புரொஃபைலுக்கு 4 மி.மீ., 0.325-க்கு 4.8, சாதாரண 3/8-க்கு 5.2 அல்லது 5.5 (கம்பெனியைப் பொறுத்து), 404-க்கு 5.5. பெரிய அரத்தைப் போட்டால் பல்லின் பக்கவிளிம்பு கூராகாது; சின்னதைப் போட்டால் கீழே குழி விழும்.

பாரை வைஸில் பிடியுங்கள். வேலை செய்யும் இடத்தில் வைஸ் இல்லையென்றால் ஒரு கட்டையில் வெட்டுப் போட்டுப் பாரை அதில் சொருகலாம். அரத்தின் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தட்டுக்கு மேலே தெரிய வேண்டும். அரத்தைப் பாருக்கு ஏறக்குறைய நேர்க்குறுக்காக, 10 டிகிரி மட்டும் சாய்த்துப் பிடிக்க வேண்டும். கண்ணளவு வராவிட்டால் பாரின் மேலேயே மார்க்கரால் 10 டிகிரிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக ஒரே திசையில் தள்ளுங்கள். திரும்பி வரும்போது அரம் பல்லைத் தொடக்கூடாது. முன்னும் பின்னும் தேய்த்தால் அரமும் போகும், கூரும் போகும்.

ஒரு பக்கத்துப் பற்கள் அனைத்தையும் முடித்துவிட்டு மறுபக்கம் வாருங்கள். வலக்கைக்காரருக்கு ஒரு பக்கம் எப்போதும் வலுவாக விழும். அதனால் அவ்வப்போது வெர்னியர் காலிப்பரால் இரண்டு பக்கமும் பல் நீளத்தை அளந்து, நீளமானதைச் சின்னதோடு சமமாக்குங்கள். அரம் வழுக்க ஆரம்பித்தால் தூக்கிப் போடுங்கள். தேய்ந்த அரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள்தான் ‘செயின் மட்டம்’ என்று கம்பெனியைத் திட்டுகிறார்கள்.

சாணை பிடிக்கும் கடையில் கொடுத்தால்?

அடிபட்ட செயினைச் சமமாக்க மெஷின் சாணை நல்லது. இரண்டு விஷயம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். ஒன்று, கோணம் 10 டிகிரி. சொல்லாவிட்டால் வழக்கமான 30-இல் பிடித்து, உங்கள் நெடுக்கறுப்புச் செயினைச் சாதாரணச் செயினாக்கித் தந்துவிடுவார்கள். இரண்டு, மெதுவாகப் பிடிக்கச் சொல்லுங்கள். அவசரத்தில் அழுத்தினால் பல் சூடேறி நீலம் பூக்கும். நீலம் பூத்த பல்லில் இரும்பின் பதம் கெட்டுவிடும். கூர் நிற்காது அல்லது அரமே ஏறாது.

பல்லுக்கு முன்னால் இருக்கும் சின்ன முட்டு எதற்கு?

அதுதான் டெப்த் கேஜ். ரேக்கர் என்றும் சொல்வார்கள். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். பல்லின் மேல்தட்டைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருந்தால் பெரும்பாலான 3/8 செயினுக்குச் சரி. பல்லை ராவ ராவ அதன் உயரம் குறையும், முட்டு அப்படியே நிற்கும். ஒரு கட்டத்தில் பல் கூராகவே இருக்கும், மரத்தைத் தொடாது, தூள் மட்டும் வரும். நான்கைந்து முறை கூர் போட்டதும் கேஜ் தகட்டை வைத்துப் பார்த்து, மேலே நீட்டிக்கொண்டிருப்பதைத் தட்டை அரத்தால் எடுத்துவிடுங்கள், முன்மூலையை லேசாக உருட்டிவிடுங்கள்.

வேகமாக அறுக்கட்டும் என்று அதிகம் எடுத்துவிடாதீர்கள். பல் மரத்தைக் கவ்விக்கொண்டு நிற்கும், மெஷின் அதிரும், செயின் சீக்கிரம் நீளும். நெடுக்கறுப்பில் கவ்வல் இன்னும் மோசம்.

அறுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து போகிறது. ஏன்?

மூன்று காரணங்களில் ஒன்று. ஒரு பக்கத்துப் பற்கள் கூராகவோ நீளமாகவோ இருக்கின்றன. அறுப்பு அந்தப் பக்கம் ஓடும். அல்லது முட்டுகள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இல்லை. அல்லது பாரின் தண்டவாளம் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது. கூர் போட்டும் திருந்தவில்லை என்றால் செயினைக் கழற்றிவிட்டுப் பாரைக் கண்ணாடிமேல் செங்குத்தாக நிறுத்துங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் பார்தான் குற்றவாளி. தட்டை அரத்தால் இரண்டு விளிம்பையும் சமமாக ராவி, ஓரத்துப் பிசிறையும் எடுத்துவிடுங்கள்.

பலகையில் அலை அலையாக வந்தால் அது பெரும்பாலும் செயின் தளர்வு, அல்லது நீங்கள் விட்டுவிட்டுத் தள்ளுவது.

செயினுக்கு என்ன எண்ணெய்? பழைய எஞ்சின் ஆயில் ஊற்றலாமா?

வேண்டாம். மெக்கானிக் கடையில் இலவசமாகக் கிடைக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி கிடையாது. இரும்புத் தூள் மிதக்கும், எண்ணெய்ப் பம்பைத் தேய்க்கும், பலகையில் கறை விழும், கையிலும் மூச்சிலும் படுவது உடம்புக்குக் கேடு. பார் ஆயில் என்றே விற்பது பிசுபிசுப்பாக இருக்கும், செயின் முனையில் திரும்பும்போது தெறித்துவிடாது. கிடைக்காவிட்டால் புது எஞ்சின் ஆயில் ஊற்றலாம். கடலை எண்ணெய் போன்ற சமையல் எண்ணெயில் அறுக்கலாம்தான், ஆனால் வேலை முடிந்து அப்படியே வைத்தால் பம்பிலும் பாரிலும் பசைபோல இறுகிவிடும்.

எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, பாரின் முனையை ஒரு அட்டைக்கு முன்னால் பிடித்து ரேஸ் செய்யுங்கள். எண்ணெய்க் கோடு விழ வேண்டும். 28 அங்குலத்துக்கு மேல் பார் என்றால் மெஷினின் பம்ப் மட்டும் பற்றாது. முனைப் பக்கம் ஒரு சின்ன பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுகிற மாதிரி தனி ஏற்பாடு வேண்டும்.

டென்ஷன் எவ்வளவு வைக்க வேண்டும்?

குளிர்ந்திருக்கும்போது செயின் பாரின் அடியில் ஒட்டி நிற்க வேண்டும், கையுறை போட்ட கையால் இழுத்தால் தாராளமாக ஓட வேண்டும். புதுச் செயின் முதல் அரைமணி நேரம் நீண்டுகொண்டே இருக்கும், அடிக்கடி பாருங்கள். வேலையின் சூட்டில் தளர்ந்ததை இறுக்கினீர்கள் என்றால், முடித்ததும் மறக்காமல் தளர்த்திவிட வேண்டும். ஆறும்போது செயின் சுருங்கும். இறுக்கமாகவே விட்டால் பாரும் கிராங்க் ஷாஃப்டின் பேரிங்கும் அந்த இழுப்பைத் தாங்க வேண்டியிருக்கும்.

பாதுகாப்பு?

லுங்கியும் ஹவாய் செருப்புமாக மெஷினைத் தொடாதீர்கள். பூட்ஸ், கண்ணாடி, காது மூடி, முகக்கவசம். அறுத்த பலகை அழுந்திச் செயினைப் பிடிக்காமல் இருக்க இரண்டடிக்கு ஒரு ஆப்பு சொருகுங்கள். மரம் அல்லது பிளாஸ்டிக் ஆப்பு, இரும்பு கூடாது. செயின் ஓடும் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது, முக்கியமாக வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகள். நான்கு பக்கமும் சுவர் அடைத்த கொல்லையில் மெஷின் புகை தங்கும், காற்றோட்டம் பார்த்துக்கொள்ளுங்கள்.

விழுந்து கிடக்கும் தெரு மரத்தை நாமே எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. சாலையோர மரம் விழுந்தே கிடந்தாலும் உங்களுடையது ஆகிவிடாது. மாநகராட்சியிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சந்தனம், செம்மரம், ஈட்டி என்றால் சொந்தக் கொல்லையாக இருந்தாலும் வனத்துறையிடம் பேசாமல் கை வைக்க வேண்டாம்.

செயினை எப்போது மாற்ற வேண்டும்?

பல்லின் மேல்தட்டு நீளம் 4 மி.மீ.க்குக் குறைந்தால் ஆயுள் முடிந்தது. பல செயின்களில் பல்மேலேயே அதற்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள். லிங்கில் கீறல், ஆடும் ரிவிட், டென்ஷன் ஸ்க்ரூ முழுக்கத் திருகியும் தொங்கும் செயின், இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் பல் மிச்சம் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். இரண்டு செயின் தேய்ந்ததும் ஸ்ப்ராக்கெட்டையும் மாற்றிவிடுங்கள். தேய்ந்த ஸ்ப்ராக்கெட் புதுச் செயினைச் சீக்கிரமே நீட்டிவிடும். பாரை ஒவ்வொரு முறை கூர் போடும்போதும் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேயும்.

வேலையில்லாத நாளில் செயினை எப்படி வைப்பது?

கடற்கரைக்குப் பக்கத்தில் என்றால் மெஷினிலேயே விட்டுவைக்காதீர்கள். உப்புக் காற்றில் கொஞ்ச நாளிலேயே ரிவிட் துரு பிடித்து, லிங்குகள் மடங்காமல் விறைத்துக்கொள்ளும். கழற்றி, மண்ணெண்ணெயில் அலசி, பிரஷால் பிசினைத் தேய்த்துத் துடைத்துவிட்டு, மூடி உள்ள டப்பாவில் பார் ஆயில் ஊற்றி மூழ்கப் போடுங்கள். எந்தச் செயின் 10 டிகிரி, எது 30 என்று டப்பாவின்மேல் எழுதிவைப்பது முக்கியம். எடுத்து மாட்டும் முன் ஓர் இரவு ஆணியில் தொங்கவிட்டால் அதிக எண்ணெய் வடிந்துவிடும், கீழே ஒரு தட்டு வையுங்கள்.